குடிக்காதவனின் ஸ்கோல்

"இவங்க குடிச்சாத்தான் பேசுவாங்க." ஸ்வீடனுக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம் ஆட்கள் முதல் குளிர்காலம் முடிவதற்குள் வந்து சேரும் முடிவு இது. பேருந்து நிறுத்தத்தில் தள்ளித் தள்ளி நிற்பவர்கள், லிஃப்டில் தரையைப் பார்த்துக்கொண்டு வருபவர்கள், வெள்ளிக்கிழமை இரவு கையில் கோப்பை ஏறியதும் தோளோடு தோள் சேர்த்துப் பாடுகிறார்கள். ஆக எல்லாம் சரக்கு செய்யும் வேலை என்று கணக்கை முடித்துவிடுகிறோம். பொங்கல் விழாவில், பிறந்தநாள் கூட்டங்களில் என்று இதைப் பல முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஏதோ உறுத்தும். ஏனென்றால் நான் குடிப்பதில்லை. ஆனால் அதே மேசைகளில் பல ஆண்டுகளாக லிங்கன்பெரிச் சாற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சொட்டு மது உள்ளே போகாமலேயே, "ஸ்கோல்" என்று சொல்லிக் கோப்பையை உயர்த்தும் அந்தச் சடங்கு என்னிடம் வேலை செய்திருக்கிறது. அது எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சமீபத்தில் ஒரு மாலைப் பேச்சில் ஓரளவு விடை கிடைத்தது. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் செயலைப் பார்ப்போம். முறையான இரவு விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் உணவு வந்துவிட்டது, கோப்பையில் வைன் ஊற்றியாகிவிட்டது, ஆனால் யாரும் தொடமாட்டார்கள். வீட்டுக்காரர் கோப்பையை எடுத்து, இரண்டு வரி வரவேற்புச் சொல்லி, "ஸ்கோல்" என்ற பிறகுதான் முதல் வாய். கோப்பையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். வெயிஸ்ட்கோட்டின் மூன்றாவது பொத்தான் உயரம் என்பது பழைய கணக்கு. பக்கத்தில், எதிரில் இருப்பவர்களைக் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும். குடித்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிடக் கூடாது. திரும்ப அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, அதே ஆட்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஒரு சின்னத் தலையசைப்பு. அப்புறம்தான் கோப்பை மேசைக்குப் போகும். பெரிய விருந்துகளில் கோப்பையோடு கோப்பை மோதும் வழக்கம் கிடையாது. பார்வை மட்டும்தான். முதல் பார்வையை எந்த ஊரிலும் பார்க்கலாம். குடித்த பிறகு வரும் இரண்டாவது பார்வைதான் இந்த ஊர்க்காரர்களுடையது என்று எனக்குத் தோன்றும்.

என் கோப்பையில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கார் ஓட்டப்போகிறவர், கர்ப்பிணி, மருந்து சாப்பிடுகிறவர் என்று எந்த மேசையிலும் குடிக்காதவர்கள் சிலர் இருப்பார்கள். மதுவிலக்கு இயக்கக் குடும்பங்களில் பிறந்து தலைமுறையாகத் தொடாதவர்களும் உண்டு. குட் டெம்ப்ளர் என்ற மதுவிலக்கு அமைப்பின் முதல் ஸ்வீடன் கிளை யோத்தேபோரி (கோதன்பர்க்) நகரில் 1879இல் தொடங்கியது, அந்த இயக்கம் நாட்டின் அரசியலையே மாற்றும் அளவுக்கு வளர்ந்தது. தண்ணீரைத் தூக்கிப் பிடித்தாலும் ஸ்கோல் ஸ்கோல்தான். பார்வையைத் தவிர்த்தால்தான் குறையாகத் தெரியும்.

இந்தப் பார்வைக்கு ஒரு விளக்கம் ஊரெல்லாம் சுற்றுகிறது: வைக்கிங்குகள் ஒருவரையொருவர் நம்பமாட்டார்கள், குடிக்கும்போது எதிராளி கத்தியை உருவிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அந்தப் பழக்கம்தான் இது என்று. இதன் தம்பிதான் எதிரிகளின் மண்டை ஓட்டில் குடித்தார்கள் என்ற கதை. மண்டை ஓட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரியும். டென்மார்க்கின் மருத்துவர், அறிஞர் ஓலே வோர்ம் 1636இல் வெளியிட்ட நூலில் ஒரு பழைய நோர்ஸ் கவிதையின் லத்தீன் மொழிபெயர்ப்பு இருந்தது. "மண்டையின் வளைந்த கிளைகள்" என்று அந்தக் கவிஞர் சொன்னது விலங்கின் கொம்பை. லத்தீனில் அது கொல்லப்பட்டவர்களின் மண்டை ஓடு ஆகிவிட்டது. ஸ்கோல் என்றால் வெறும் கிண்ணம்தான். இருந்தாலும் கதை செத்தபாடில்லை. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அது பிடித்திருக்கிறது, நமக்கும் பிடித்திருக்கிறது. முரடர்கள், குடிகாரர்கள், கடலோடிகள் என்று ஒரு சித்திரம் கையில் இருந்தால் அவர்கள் மேசையில் என்ன நடக்கிறது என்று உற்றுப் பார்க்கும் வேலை மிச்சம்.

வரிசை

உற்றுப் பார்த்தால் தெரிவது கட்டுப்பாடு. முறையான விருந்தில் ஆணும் பெண்ணுமாக ஜோடி பிரித்து உட்காரவைப்பார்கள். கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைப்பது அரிது. ஆணுக்கு வலப்பக்கம் இருப்பவர் அன்றைய விருந்தில் அவருடைய மேசைத் துணை. முதல் ஸ்கோல் அவரோடுதான். பிறகு இடப்பக்கம், பிறகு எதிரில். குடித்தபின் இதே வரிசை தலைகீழாக. பல்கலைக்கழக மாணவர் விருந்துகளில் இதை இன்றைக்கும் பிசகாமல் செய்கிறார்கள். உப்சாலாவில் இருபது வயதுப் பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வலம், இடம், எதிர் என்று திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டம்மாவுக்கு மட்டும் தனி விதி. விருந்தாளிகள் நிறைய இருந்தால் யாரும் தனித்தனியாக அவருக்கு ஸ்கோல் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு வாய் என்று பதில் குடித்தால் அடுப்படியை யார் பார்ப்பது? அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கடமை இருக்கிறது. சாப்பாடு முடியும் நேரத்தில் எழுந்து எல்லோர் சார்பிலும் நன்றி சொல்ல வேண்டும். அந்த உரை முடிந்ததும் மொத்த மேசையும் வீட்டம்மாவுக்கு ஸ்கோல் சொல்லும்.

வெறும் சத்தம் என்று நம்மவர்கள் நினைக்கும் பாட்டுகளும் இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பகுதிதான். அக்வாவிட் என்ற தானியச் சாராயத்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றி வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை ஒருவரும் தொடாமல் காத்திருப்பார்கள். முதல் கோப்பைக்குப் பெயர் ஹேலான், முழுசு. இரண்டாவது ஹால்வான், பாதி. மூன்றாவது, நான்காவது என்று மேலே போகப் போக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, முழுசை எடுக்காதவருக்குப் பாதியும் கிடைக்காது என்கிறது. 1957இல் மாஸ்கோவில் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் சோவியத் அணியோடு 4-4 என்று சமன் செய்து தங்கம் வாங்கிய ஸ்வீடன் வீரர்கள், தேசிய கீதத்துக்குப் பதில் இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாட்டு இல்லாமல் ஸ்நாப்ஸ், அதாவது அந்தச் சின்னக் கோப்பைச் சாராயம், கிடையாது. அதாவது தனியாக, தன் வேகத்துக்கு, யாரும் குடிக்க முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. 1922 ஆகஸ்ட் 27 அன்று முழு மதுவிலக்கு வேண்டுமா என்று ஸ்வீடன் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் சுமார் 51 சதவீதம்தான், மயிரிழையில் தப்பியது. வேண்டாம் என்ற தரப்புக்கு ஓவியர் ஆல்பர்ட் எங்ஸ்த்ரோம் வரைந்த சுவரொட்டி இன்னும் பேசப்படுகிறது: கடுமையான முகத்தோடு ஒரு மனிதர், முன்னால் ஒரு தட்டு நன்னீர் இறால், பக்கத்தில் பாட்டில்கள், நன்னீர் இறாலுக்கு இந்தப் பானங்கள் தேவை என்ற வாசகம். ஆகஸ்டில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்களே, அந்த இறால் விருந்துதான் அன்று நாட்டின் வாதமாக நின்றது. மதுவிலக்கு வராவிட்டாலும், யார் எவ்வளவு வாங்கலாம் என்று முத்திரை குத்தும் ரேஷன் புத்தகம் 1955 வரை இருந்தது. மணமான பெண்களுக்குப் பொதுவாக அந்தப் புத்தகமே கிடையாது. இன்றைக்கும் வலுவான மதுவைப் பெரும்பாலும் அரசுக் கடையில்தான் வாங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். டாஸ்மாக் பார்த்த நமக்கு அரசே கடை நடத்துவது புதிதல்ல. ஆனால் அரசு ஒரு பக்கம் அளக்க, மேசை மரியாதை இன்னொரு பக்கம் அளக்க, இரண்டுக்கும் நடுவில் குடித்த மக்கள் இவர்கள். குடியால் இந்த நாடு பட்ட துன்பத்தை நான் மறைக்கவில்லை. அந்தத் துன்பம் தெரிந்தவர்கள் என்பதால்தான் சடங்கை இவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கொம்பின் மேல் சிலுவை

குடிக்காதவர்களின், வேறு மாதிரி குடிப்பவர்களின் கதை இங்கே மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோர்ரி ஸ்துர்லுசன் எழுதிய நார்வே அரசர்களின் வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. நடப்பது 10ஆம் நூற்றாண்டில், இன்றைய துரோன்ஹைம் நகரத்தின் பகுதியான லாதேயில். அரசன் ஹோகோன் இங்கிலாந்தில் வளர்ந்த கிறிஸ்தவன். குடிமக்களோ ஓடின், தோர் என்ற பழைய தெய்வங்களை வணங்குகிறவர்கள். பலி விருந்தில் முதல் கிண்ணம் ஓடினுக்கு, அரசனின் வெற்றிக்காக. அடுத்தவை நியோர்டுக்கும் ஃப்ரேயருக்கும், நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும். பிறகு இறந்துபோன உறவினர்களுக்கு. அந்தக் கடைசிக் கிண்ணத்துக்கு மின்னி என்று பெயர், நினைவு என்று பொருள். குடிமக்கள் வற்புறுத்தியதால் ஹோகோன் விருந்தில் வந்து உட்காருகிறான். தலைவன் சிகுர்ட் ஓடினுக்கு அர்ப்பணித்த கொம்பை நீட்டுகிறான். அரசன் வாங்கி, அதன் மேல் சிலுவைக் குறி போடுகிறான். உடனே ஒருவன் கேட்கிறான்: அரசர் ஏன் இப்படிச் செய்கிறார், பலியிட மனமில்லையா? சிகுர்ட் சமாளிக்கிறான்: தன் பலத்தை நம்பும் எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறார், அது தோரின் சுத்தியல் குறி.

மறுநாள் குதிரை இறைச்சி சாப்பிடச் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறான். குழம்பாவது குடி என்கிறார்கள். அதுவும் மாட்டேன். கடைசியில் கொப்பரையின் கைப்பிடியில் ஆவி பட்டுக் கொழுப்பு படிந்திருக்கிறது. அதன் மேல் துணியைச் சுற்றி, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறான். இரு தரப்புக்கும் திருப்தியில்லை என்று ஸ்னோர்ரி எழுதுகிறார். அலுவலக விருந்துகளில் சைவச் சாப்பாடு எது என்று விசாரித்துக்கொண்டு உட்காரும் நம்மில் பலருக்கு இந்த அரசனைப் புரியும். நான் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் படிப்பது சிகுர்ட்டுக்காக. அவன் அந்தக் குடிமக்களின் தலைவன், அதே தெய்வங்களை வணங்குகிறவன். ஆனாலும் மேசை உடைந்துவிடக் கூடாது என்று அரசன் போட்ட குறிக்கு வேறு அர்த்தம் சொல்லித் தருகிறான். கொம்பைக் கையில் வாங்கினாயா, எங்களோடு உட்கார்ந்தாயா என்பதுதான் அவனுக்கு வேண்டியது.

கிறிஸ்தவம் வந்த பிறகும் கிண்ணம் போகவில்லை. மேற்கு நார்வேயின் குலாதிங் சட்டம், கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றியாக ஒவ்வொரு குடியானவனும் ஏல் என்ற பீர் காய்ச்சியே தீர வேண்டும் என்றது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து காய்ச்சாதவன் சொத்தை இழப்பான். பாதி அரசருக்கு, பாதி பிஷப்புக்கு. அந்த மின்னி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐஸ்லாந்தில் குளிர்கால தோர்ராப்லோட் விருந்தில் பெண்களுக்கு ஒரு மின்னி, ஆண்களுக்கு ஒரு மின்னி என்று எழுந்து பேசுகிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் தேதியும் நோபல் விருந்தில் அரசர் எழுந்து ஆல்பிரட் நோபலின் நினைவுக்குக் கோப்பை உயர்த்துகிறார். இறந்தவருக்கான கிண்ணம் லாதேயிலிருந்து அந்த மண்டபம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நோபல் என்றதும் சர் சி. வி. ராமன் நினைவுக்கு வராமல் போகாது. 1930இல் பரிசு வாங்க வந்த திருச்சிக்காரர், மதுவைத் தொடாதவர். தன் கண்டுபிடிப்பை ஆல்கஹாலில் செய்துகாட்டிவிட்டு, மாலையில் ஸ்கோலுக்கு அழைத்தபோது, ஆல்கஹாலின் மேல் ராமன் விளைவைப் பார்த்துவிட்டீர்கள், ராமன் மேல் ஆல்கஹாலின் விளைவைப் பார்க்க முயல வேண்டாம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நம் ஊரில் இதை மறுத்துவிட்ட வீரமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு நல்ல மேசைப் பேச்சு கேட்கிறது. கோப்பையை விலக்கினாலும் கூடியிருந்தவர்களை விலக்காத பதில்.

வாத்தியாரின் பெயர்

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நானும் மனைவியும் அவருக்குப் பனிக்காலத்தில் கடையிலிருந்து சாமான் வாங்கிவந்து கொடுப்போம், அவர் இலவங்கப்பட்டை பன் சுட்டுக் கொடுப்பார். இந்த "குடிச்சாத்தான் பேசுவாங்க" விஷயத்தை அவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கதை சொன்னார்.

அதற்கு முன் பழைய ஸ்வீடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே டூ என்றால் நம் நீ. நம் நீங்கள் போன்ற மரியாதைப் பன்மைக்கு 'நீ' (ni) என்றே ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது. நம் காதுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்த மரியாதைச் சொல் மரியாதையாகவே ஒலிக்கவில்லை. பட்டம் இல்லாத எளியவர்களை மேலிருந்து அழைக்கும் சொல்லாக அது கெட்டுப்போயிருந்தது. ஆகவே எதிரில் இருப்பவரிடமே படர்க்கையில் பேசினார்கள்: டாக்டர் இன்னும் கொஞ்சம் காப்பி எடுத்துக்கொள்கிறாரா? பொறியாளருக்குக் குளிர்கிறதா? பட்டம் தெரியாவிட்டால் வாக்கியத்தையே சுற்றிவளைத்து முடிப்பார்கள். இதிலிருந்து வெளியே வர ஒரே முறையான வழி டூ-ஸ்கோல். மூத்தவர்தான் கேட்க வேண்டும், இளையவர் கேட்கக் கூடாது. பட்டங்களை எடுத்து வைத்துவிடுவோமா என்று கேட்டு, கோப்பையை உயர்த்தி, ஒருவருக்கொருவர் தன் பெயரைச் சொல்லி, கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து இருவரும் டூ. திரும்பப் போக முடியாது.

அம்மா சொன்னது இது. ஸ்மோலாந்துப் பகுதியில் ஒரு சின்ன ஊர். சிறுவயதில் தனக்குப் பாடம் எடுத்தவர் இருந்த அதே பள்ளிக்குத் தானும் ஆசிரியையாகப் போனார். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் அழைக்கும். ஒரே ஓய்வறையில் உட்கார்ந்தபோதும், வாத்தியார் கதவைச் சாத்துகிறாரா, வாத்தியார் நாளை வருகிறாரா என்றே பேசிவந்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட், இறால் விருந்து. பாட்டெல்லாம் முடிந்த நேரத்தில் வாத்தியார் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு இவர் நாற்காலிக்கு வந்தார். பட்டங்களை எடுத்து வைப்போமா என்றார். தன் பெயரைச் சொன்னார். "அவருக்குப் பெயர் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது" என்றார் அம்மா. இவர் கோப்பையில் இருந்தது வெறும் லேசான பீர். கை நடுங்கியதாம். மறுநாள் காலை ஓய்வறையில் பழக்கத்தில் மறுபடி வாத்தியார் என்று சொல்லிவிட, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தாராம், பெயர் வரும்வரை.

சில ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. 1967 ஜூலையில் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்செட், ஊழியர் அனைவரையும் பெயர் சொல்லி டூ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அலை முன்பே கிளம்பியிருந்தது. அவருடைய பெயர் அதன் அடையாளமாக நின்றுவிட்டது. 1969இல் புதிய பிரதமர் ஓலோஃப் பால்மேவையே செய்தியாளர் டூ என்று கேள்வி கேட்டார். நோயாளி மருத்துவரை, மாணவன் பேராசிரியரை, எல்லோரும் எல்லோரையும் டூ. அரச குடும்பம் மட்டும் விலக்கு. டூ-ஸ்கோலுக்கு வேலையே இல்லாமல் போனது.

அது நல்லதா என்று அம்மாவிடம் கேட்டேன். சந்தேகமே இல்லாமல் நல்லது என்றார். அந்தப் பள்ளியில் அடுப்புக்கு விறகு சுமந்த காவலாளி ஒருவர் இருந்தார், முப்பது வருடம் வேலை செய்தவர். யாரும் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் நாற்காலிக்குப் போனதில்லை. அவருக்கு அந்த அலைதான் டூ வாங்கிக் கொடுத்தது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எல்லோருக்கும் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஒருவர் எழுந்து வந்து கொடுத்தார். அந்த எழுந்து வந்ததில் மிச்சம் இருப்பது இந்த ஸ்கோல் மட்டும்தான்."

அன்றிலிருந்து மேசைகளை வேறு மாதிரி பார்க்கிறேன். தமிழில் நான் மரியாதையை வினைமுற்றில் வைத்துப் பேசுகிறவன். அம்மாவோடு ஸ்வீடிஷில் டூ என்று பேசும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்கிறேன், அது வெளியே போய்ச் சேராது. இவர்கள் மொழியிலிருந்து எல்லாப் படிகளையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் ஒருவருக்கு நீ முக்கியம் என்று காட்ட ஏதாவது வேண்டுமே. அந்தப் பாரத்தைக் கண் சுமக்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்று வளர்க்கப்பட்டவன் நான். இங்கே பார்வையை உயர்த்தி, கோப்பை கீழே போகும்வரை வைத்திருப்பது மரியாதை. இதில் மதுவுக்கு வேலை மிகக் குறைவு. குடித்தால்தான் பேசுகிறார்கள் என்பதைவிட, பேசுவதற்கு ஒரு முறையான வாசல் இவர்களுக்குத் தேவைப்படுகிறது, அந்த வாசலில் எப்போதோ ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டார்கள் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

டென்மார்க்கில் இதே ஸ்கோல் மூன்று ஹுர்ராவோடு சத்தமாக நடக்கும். கல்யாணத்தில் விருந்தாளிகள் கரண்டியால் தட்டினால் மணமக்கள் நாற்காலி மேல் ஏறி முத்தமிட வேண்டும். ஃபின்லாந்தில் சொல்லே வேறு, கிப்பிஸ். அவற்றைப் பற்றி அங்கே வாழ்ந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

இந்த ஆகஸ்டில் அம்மா வீட்டில் இறால் விருந்து. எனக்கு இறாலுக்குப் பதில் காளான் வைத்துச் சுட்ட பை (pie) என்று சொல்லிவிட்டார். என்னைத் தன் இடப்பக்கம் உட்காரவைக்கப்போகிறார், ஆகவே நன்றியுரை என் பொறுப்பு. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று இப்போதே எச்சரிக்கை வந்திருக்கிறது. அதில் அந்த வாத்தியாரின் பெயரை ஒரு தடவை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.